ஆள் போன பிறகு அலர்ட் வந்து என்ன பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாசலில் மாட்டிய கேமராவில் திருடன் சிக்கினான் என்ற செய்தியை அடிக்கடி படிக்கிறோம். முகம் தெளிவாகத் தெரியும், ஓரத்தில் நேரமும் ஓடும். ஆனால் அவன் கேட்டைத் திறந்த அந்த நிமிடம் வீட்டுக்காரரின் போன் ஏன் சத்தம் போடவில்லை என்று யாரும் கேட்பதில்லை. வீடுகளுக்குக் கேமரா மாட்டுவதும் சர்வீஸ் பார்ப்பதும் என் தொழில். "படம் வரவில்லை" என்று கூப்பிடுகிறவர்களைவிட "அலர்ட் லேட்டா வருது" என்று கூப்பிடுகிறவர்கள்தான் இப்போது அதிகம். அதைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அண்மையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வேலைக்குப் போகும் பெண்மணி. அப்பாவுக்கு மறதி நோய். அம்மா கூடவே இருக்கிறார், ஆனால் முழங்கால் வலியோடு எந்நேரமும் கணவர் பின்னாலேயே நடக்க அவரால் முடியாது. அப்பா சத்தமில்லாமல் தாழ்ப்பாளை நீக்கித் தெருவில் இறங்கிவிடுவார். வாசலில் ஆள் அசைந்தால் மகளின் போனுக்கு அலர்ட் வரும், அவர் உடனே அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்வார் என்பதுதான் ஏற்பாடு. ஒரு நாள் அப்பா இறங்கிப் போய்விட்டார். தெருமுனையில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்துத் தண்ணீரும் கொடுத்த பிறகுதான் மகளின் போனில் அலர்ட் வந்தது.

"தம்பி, இதைக் கழற்றிட்டு வேற நல்ல கேமராவா மாட்டிக் குடுத்துடுங்க" என்றார். குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகம்.

"கொஞ்சம் பொறுங்க அக்கா. எந்த இடத்துல நின்னுபோச்சுன்னு முதல்ல பார்த்துடுவோம்" என்றேன்.

அவர் அந்த அலர்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். அதுதான் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. ஸ்கிரீன்ஷாட்டின் மேல் ஓரத்தில் போன் காட்டிய நேரம் 10:53. ஆப்பைத் திறந்து அன்றைய கிளிப்பைப் பார்த்தேன். அப்பாவின் கை தாழ்ப்பாளைத் தொடும் இடத்தில், படத்தின் மூலையில் 10:42:07 என்று இருந்தது. ஆப்பின் நிகழ்வுப் பட்டியலிலும் 10:42தான். ஆக, கேமரா அந்த நொடியே பார்த்துவிட்டது. வைஃபை வழியாகக் கேமரா கம்பெனியின் மையக் கணினியான சர்வருக்கும் சொல்லிவிட்டது. மிச்சமிருந்த 11 நிமிடமும் அதற்குப் பிந்தைய வழியில் போயிருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் போனை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். மேசை டிராயரில், சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாராம்.

காரணம் அந்த டிராயர்தான். ஆண்ட்ராய்டு 6 வந்த 2015 முதல் போனில் ‘டோஸ்’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. திரை அணைந்து, சார்ஜர் இல்லாமல், அசையாமல் கொஞ்ச நேரம் கிடந்தால் போன் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கப் போகும். ஆப்புகளை நெட்டைத் தொட விடாது. இடையிடையே சிறிது நேரம் விழித்து, சேர்ந்து கிடக்கும் வேலைகளை மொத்தமாக முடித்துவிட்டு மறுபடி தூங்கும். தூக்கம் நீள நீள அந்த விழிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் நீளும். ஆண்ட்ராய்டு போன்களுக்கு அலர்ட்டுகள் பெரும்பாலும் கூகுளின் சர்வர் வழியாகத்தான் வருகின்றன. அனுப்பும்போதே அவசரம் என்று குறித்து அனுப்பினால் தூங்கும் போனையும் எழுப்பும். சாதாரணம் என்று அனுப்பினால் அடுத்த விழிப்பு வரை காத்திருக்கும். எப்படிக் குறித்து அனுப்புகிறார்கள் என்பது கேமரா கம்பெனியின் கையில். நமக்கு அது தெரிய வழியே இல்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பெண்மணி கேமரா ஆப்பைத் திறப்பதே இல்லை. அலர்ட் வந்தால் போதும், நாமாக எதற்குப் பார்க்க வேண்டும் என்று இருந்திருக்கிறார். நியாயமான நினைப்புதான். ஆனால் 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், நாம் எந்த ஆப்பை எவ்வளவு திறக்கிறோம் என்று பார்த்துப் போன் அவற்றைத் தரம் பிரிக்கிறது. அரிதாகத் திறக்கும் ஆப்புக்குக் கட்டுப்பாடு கூடும். நம்பி விட்டுவிடுகிற ஆப்பைத்தான் போன் வேண்டாத ஆப் என்று ஒதுக்குகிறது. எனக்கு மனம் பொறுக்காத இடம் இதுதான். வீட்டைக் காக்கும் ஆப்பையும் பொழுதுபோக்கு விளையாட்டையும் ஒரே தராசில் வைப்பது எந்த வகையில் சரி?

அன்று செய்தது சின்ன வேலைதான். போன் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரிப் பகுதிக்குப் போய்க் கட்டுப்பாட்டை நீக்கினேன். சில கம்பெனி போன்களில், ஆப் தானாகவே ஓடத் தொடங்க ‘ஆட்டோ ஸ்டார்ட்’ என்று தனியாக ஓர் அனுமதி இருக்கும், அதையும் கொடுத்தேன். பின்னணியில் டேட்டா எடுக்கத் தடை இருந்தது, அதை எடுத்துவிட்டேன். அப்புறம் போனை மேசையில் குப்புற வைத்துவிட்டு, அந்த வீட்டின் மற்ற வேலைகளை முடித்து, நிதானமாக வாசலில் நடந்தேன். நான் கேட்டருகே போவதற்குள் உள்ளே போன் ஒலித்தது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைக்க வேண்டாம். 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல், அலர்ட்டுகளைச் சேர்த்துவைத்துக் குறித்த நேரத்தில் கட்டாகக் காட்டும் வசதி இருக்கிறது. கேமரா ஆப் அந்தக் கட்டுக்குள் போய்விட்டால் காலையில் வந்த ஆளை மாலையில்தான் அறிவோம். தொந்தரவு வேண்டாம் என்று அலர்ட்டுகளை அடக்கிவைக்கும் ‘ஃபோகஸ்’ போட்டிருந்தாலும் சத்தம் வராது. இரண்டிலிருந்தும் கேமரா ஆப்புக்கு விலக்குக் கொடுத்துவைக்க வேண்டும்.

எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் செய்யும் சோதனைகளைச் சொல்கிறேன். காசு செலவில்லாதவை, யாரும் செய்து பார்க்கலாம். போனின் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாற்றுங்கள். வெளியே இருக்கும்போது எப்படி வரும் என்பது அப்போதுதான் தெரியும். திரை எரிந்துகொண்டிருக்கும்போது ஒருவர் கேமரா முன் நடக்கட்டும், எவ்வளவு நேரத்தில் அலர்ட் வருகிறது என்று பாருங்கள். பிறகு சார்ஜரில் போடாமல், தொடாமல் ஒரு மணி நேரமாவது போனை ஓரிடத்தில் கிடத்திவிட்டு மறுபடி நடக்கச் சொல்லுங்கள். முதல் முறை உடனே வந்து, இரண்டாம் முறை தாமதமானால் போன்தான் காரணம். வீட்டில் இன்னொருவர் போனிலும் அதே ஆப்பைப் போட்டு வைத்தால் இன்னும் சுலபம். ஒரே நிகழ்வுக்கு ஒரு போன் உடனே ஒலித்து மற்றது உறங்கினால், கேமராவையும் ரூட்டரையும் அன்றைக்கே சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஆண்ட்ராய்டு 11 முதல் செட்டிங்ஸில் வந்த நோட்டிபிகேஷன்களின் பழைய பட்டியலைப் பார்க்கும் வசதியும் உண்டு. அதை முன்கூட்டியே ஆன் செய்துவைத்தால்தான் பதியும்.

இரண்டு முறையும் தாமதம் என்றால், கிளிப்பின் முதல் நொடியை நிறுத்திப் பாருங்கள். நிறையச் சொல்வது அந்த முதல் நொடிதான். வந்தவர் படத்துக்குள் நுழைவது தெரிந்தால் கேமரா விழிப்பாக இருக்கிறது. அவர் முதுகோ, வெளியே போகும் குதிகாலோ மட்டும் தெரிந்தால் கேமராவே தாமதமாக விழித்திருக்கிறது.

பேட்டரியில் ஓடும் கேமராக்களில் இது சகஜம். அவை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பேட்டரியைக் காக்கத் தூங்கும். உடல் சூட்டின் அசைவை உணரும் பிஐஆர் சென்சார் தட்டி எழுப்பினால்தான் எழும், எழுந்து வைஃபையையும் பிடிக்க வேண்டும். அந்தச் சென்சாருக்கு ஒரு குணம் உண்டு. குறுக்கே நடப்பவரை நன்றாகப் பிடிக்கும், நேராகத் தன்னை நோக்கி வருபவரைச் சரியாகப் பிடிக்காது. அதனுடைய பார்வை பட்டை பட்டையாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்குச் சூடு நகர்ந்தால்தான் ஆள் என்று தெரியும். ஆனால் நம் வழக்கம் என்ன? கதவுக்கு நேர் மேலே, கேட்டைப் பார்த்தபடி மாட்டுவோம். வருகிற எல்லோரும் நேராகத்தான் வருவார்கள். கேமராவைப் பக்கச் சுவருக்கு மாற்றி, நடைபாதை குறுக்காகத் தெரியும்படி திருப்பினாலே பல வீடுகளில் விழிப்பு முந்திவிடும். கடும் வெயிலில் சுற்றுப்புறச் சூடும் உடம்புச் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுவதால் சென்சாருக்கு வித்தியாசம் குறைவாகத் தெரியும். மதியத்தில் மட்டும் அலர்ட் தவறுகிறது என்றால் இதையும் யோசிக்க வேண்டும்.

பேட்டரி கேமராவில் இன்னொரு செட்டிங்கும் இருக்கும். ஒரு கிளிப் எடுத்த பிறகு இத்தனை நேரம் ஓய்வு, அதற்குள் யார் வந்தாலும் கணக்கில்லை என்று வைத்திருப்பார்கள். சில நிமிடம் வரைகூட அது போகும். பூனை ஒன்று கடந்து போய், அதன் பின்னாலேயே ஆள் வந்தால், பூனைக்கு அலர்ட், ஆளுக்கு மௌனம். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீர்ந்தாலும் பரவாயில்லை என்று அந்த ஓய்வைக் குறைந்தபட்சத்துக்குக் கொண்டுவருவதே நல்லது. உயிருக்குப் பயந்து மாட்டிய கேமரா என்றால் பேட்டரி வகையே வேண்டாம், மின்சார இணைப்புள்ளதை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

கிளிப் சரியாகத் தொடங்கி, போனும் விழித்திருந்து, அப்படியும் தாமதமென்றால் வைஃபையைப் பார்க்க வேண்டும். பல கேமரா ஆப்புகளில் சிக்னல் பலத்தை எண்ணாகக் காட்டுவார்கள். அந்த எண் டிபிஎம் என்ற அளவில், மைனஸில் இருக்கும். மைனஸ் 50 அருகே இருந்தால் அருமை. மைனஸ் 70-க்கும் கீழே இறங்கினால் தடுமாறத் தொடங்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். வாசல் கேமராவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் ஏற்றது. அந்த அலைவரிசையைச் சேனல் என்ற பாதைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ஒன்றின் மேல் ஒன்று படாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் ஒரே சேனலில் குவிந்திருந்தால் மாற்றிப் பாருங்கள். இரும்புக் கதவுக்கு வெளியே கேமராவும் உள்ளே அலமாரிக்குப் பின்னால் ரூட்டரும் இருந்தால் எந்த சேனலும் உதவாது, ரூட்டரைத்தான் நகர்த்த வேண்டும்.

நெட் வேகம் என்று நமக்குச் சொல்வது பெரும்பாலும் இறக்கும் வேகத்தைத்தான். கேமராவுக்கு வேண்டியது ஏற்றும் வேகம். பல வீட்டு இணைப்புகளில் இது மிகக் குறைவாக இருக்கும். 1080பி எனப்படும் முழு எச்டி படம் தரும் ஒரு கேமரா ஓடவே நொடிக்கு 2 மெகாபிட் அளவுக்கு ஏற்ற வேண்டியிருக்கும். நாலைந்து கேமரா இருக்கும் வீட்டில் பிள்ளைகள் வீடியோ காலில் இருக்கும்போது அலர்ட் பின்தங்குவதில் வியப்பில்லை. மேலும் சில கேமராக்கள் ஆளா, நாயா, நிழலா என்று தாமே முடிவு செய்யும். சில, படத்தை சர்வருக்கு அனுப்பி அங்கே முடிவு வந்த பிறகுதான் நமக்குச் சொல்லும். அலர்ட்டோடு படமும் சேர்ந்து வரும்படி வைத்திருந்தால் அந்தப் படம் ஏறி முடியவும் காத்திருக்கலாம். எழுத்து மட்டும் வந்தால் போதும் என்று மாற்றும் வசதி இருந்தால் மாற்றிப் பாருங்கள். பார்க்க வேண்டுமானால் நாம் ஆப்பைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

கேமராவின் கடிகாரத்தையும் ஒருமுறை போனோடு ஒத்துப் பார்த்துவிடுங்கள். கேமரா நேரம் பின்தங்கியிருந்தால் இல்லாத தாமதம் இருப்பதாகத் தெரியும்.

சரி, இவ்வளவையும் வாடிக்கையாளர்தான் கண்டுபிடிக்க வேண்டுமா? அந்தப் பெண்மணி என்னைக் கூப்பிடும் முன்பு கேமரா கம்பெனியின் உதவி எண்ணில் பேசியிருக்கிறார். ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள், ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்றார்களாம். இரண்டையும் செய்திருக்கிறார். எத்தனை மணிக்குக் கேமரா பார்த்தது, எத்தனை மணிக்கு சர்வர் அனுப்பியது, எத்தனை மணிக்குப் போன் வாங்கியது என்ற மூன்று நேரமும் யாரிடமாவது இருக்கத்தான் செய்யும். முதல் இரண்டும் கம்பெனியிடம், மூன்றாவது ஆப்பிடம். அவற்றை அலர்ட்டின் அடியில் ஒரு வரியாகக் காட்டினால் எந்த வீட்டிலும் யாரும் கேமராவை வீணாகக் கழற்ற மாட்டார்கள். சர்வர் வரை உடனே வந்திருக்கிறது, உங்கள் போன்தான் தடுக்கிறது, இதை அழுத்தி அனுமதி கொடுங்கள் என்று ஆப்பே சொல்லிவிடலாம். தொழில்நுட்பத்தில் இது ஒரு பெரிய காரியமே இல்லை.

பெட்டியின் மேல் எத்தனை மெகாபிக்சல், இரவில் எத்தனை மீட்டர் தெரியும் என்றெல்லாம் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். ஆளை அடையாளம் காண்பது கேமராவுக்குள்ளா சர்வரிலா, ஒரு அலர்ட்டுக்கும் அடுத்ததற்கும் குறைந்தபட்ச இடைவெளி எவ்வளவு என்பதையும் போட வேண்டும். வாங்குகிறவருக்கு அந்த இரண்டும்தான் முதலில் தெரிய வேண்டும்.

வீட்டுக் கேமரா எதற்காகப் பிறந்தது என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்த விரும்புகிறேன். நியூயார்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர், கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து வீட்டுப் பாதுகாப்புக் கேமரா ஒன்றை வடிவமைத்து 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969-இல் அது கிடைத்தது. வேளை கெட்ட வேளையில் வீட்டில் தனியாக இருக்க வேண்டியிருந்தது, கூப்பிட்டாலும் போலீஸ் வர நேரமாகும் என்பதுதான் அவரைச் செய்யத் தூண்டியது. கதவில் துளைகள், அவற்றின் வழியாக நகரும் கேமரா, உள்ளே ஒரு திரை, வெளியே நிற்பவரிடம் பேச வழி, ஆபத்தென்றால் அழுத்த ஒரு பொத்தான். உதவி தாமதமாகிறது என்பதற்காகவே உருவான கருவி. கதவுக்கும் திரைக்கும் நடுவே வேறு யாருடைய சர்வரும் அதில் இல்லை.

அதனால்தான், ஆள் பாதுகாப்புக்காகக் கேமரா கேட்பவர்களிடம் போனை மட்டும் நம்ப வேண்டாம் என்கிறேன். கதவில் ஒட்டும் காந்த சென்சார் ஒன்று, வீட்டுக்குள் ஒலிக்கும் மணி ஒன்று. இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கதவு திறந்த நொடியில் மணி அடிக்கும். மறதி நோயுள்ள பெரியவர்களோ தாழ்ப்பாளை எட்டும் குழந்தைகளோ இருக்கும் வீட்டில் இதுதான் முதல் காவல், கேமரா அதற்குத் துணை. அந்தப் பெண்மணி வீட்டிலும் மாட்டிக் கொடுத்தேன். மணி சமையலறையில் இருக்கிறது, அம்மா பகலில் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தொழில்நுட்பப் பக்கத்தில் கேமராக்களைப் பற்றி எழுதும்போது படத்தின் தெளிவோடு அலர்ட்டின் வேகத்தையும் சோதித்து வெளியிடுங்கள். பெட்டியைப் பிரித்த உடனே, திரை எரியும் போனை வைத்துக்கொண்டு செய்யும் சோதனை போதாது. போன் ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்த பிறகு, மொபைல் டேட்டாவில், செட்டிங்ஸ் எதையும் மாற்றாமல் சோதியுங்கள். எத்தனை நொடி ஆனது என்பதைப் பட்டியலில் ஒரு கட்டமாகப் போடுங்கள். அந்தக் கட்டம் நாளிதழில் வரத் தொடங்கினால் கம்பெனிகளும் அதைக் கவனிக்கத் தொடங்குவார்கள்.

இப்படிக்கு,
கேமரா சர்வீஸ் செய்யும் ஒரு வாசகன்